ஆய்வுக் கட்டுரையை விலைக்கு வாங்கலாமா?

கேள்வி: உயிர்வேதியியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் என் மகள், செல் சவ்வுப் புரதம் ஒன்றைப் பிரித்தெடுக்க இரண்டு ஆண்டுகளாக முயல்கிறாள், இன்னும் ஒரு கட்டுரைகூட வெளிவரவில்லை. ரூ.45,000 கொடுத்தால் ஸ்கோபஸ் என்ற ஆய்விதழ்த் தரவுத்தளத்தில் இடம்பெற்ற ஓர் ஆய்விதழில் அவள் பெயரில் கட்டுரை வரச்செய்வதாக ஒரு முகவர் சொல்கிறார். கொடுக்கலாமா? (ஒரு தாய், விருதுநகர்)

பதில்: கொடுக்காதீர்கள். இத்துறையில் இரண்டு ஆண்டுகள் இப்படிக் கழிவது வழக்கமே. அது உங்கள் மகளின் குறையன்று. கொழுப்பாலான சவ்வுக்குள் புதைந்திருக்கும் புரதத்தைச் சோப்பு போன்ற டிடர்ஜென்ட்டால் கரைத்துத்தான் வெளியே எடுக்க வேண்டும். அது கடுமையானால் புரதம் உருக்குலையும், மென்மையானால் புரதம் சவ்வை விட்டு வராது, பொருத்தமானதைக் கண்டறியவே மாதங்கள் ஓடிவிடும். இரத்தச் சிவப்பணுச் சவ்வில் வேறொன்றைத் தேடிய அமெரிக்க விஞ்ஞானி பீட்டர் ஆக்ரேயின் கையில் தற்செயலாக ஒரு புரதம் அகப்பட்டது. 1988இல் அதைப் பற்றி எழுதிய அவர், அது நீரைக் கடத்தும் வாயில் என்று நிறுவியது 1992இல்தான். அதற்காகவே 2003இல் நோபல் பரிசு பெற்றார்.

முகவர்கள் விற்பது எங்கோ தயாரான கட்டுரையின் ஆசிரியர் பெயர் வரிசையில் ஓர் இடத்தை மட்டுமே. முதல் பெயருக்கு ஒரு விலை, மூன்றாம் பெயருக்கு வேறு விலை. வேலைக்கான நேர்முகத் தேர்வில், தேர்வுக் குழுவில் இருக்கும் நாங்கள் முதலில் கேட்பது, "எந்த டிடர்ஜென்ட், என்ன செறிவு, ஏன் அதைத் தேர்ந்தீர்கள்?" என்பதுதான், விலைக்கு வாங்கியவர் அந்த இடத்திலேயே திணறிவிடுவார். கட்டுரை நம்பத்தக்கதன்று என்று ஆய்விதழ் பின்னர் அதைத் திரும்பப் பெற்றால், அந்த அறிவிப்பு அவள் பெயரை விட்டு நீங்காது.

ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் கட்டுரை வெளியாகியிருக்க வேண்டும் என்ற கட்டாயத்தைப் பல்கலைக்கழக மானியக் குழு 2022ஆம் ஆண்டு விதிமுறைகளிலேயே நீக்கிவிட்டது. உங்கள் பல்கலைக்கழகத்தின் விதியை மட்டும் அலுவலகத்தில் எழுத்துபூர்வமாகக் கேட்டுக்கொள்ளுங்கள். கட்டுரைகளை எண்ணியே ஆளை எடைபோடும் தேர்வுக் குழுக்கள்தாம் இந்தச் சந்தையை வளர்த்தன. எத்தனை கூட்டங்களில் எடுத்துச் சொன்னாலும் கட்டுரைகளின் எண்ணிக்கைக்கு மதிப்பெண் தரும் அவர்களின் பட்டியல் மாறுவதில்லை.

ஒன்றை மட்டும் பிரித்தறிய வேண்டும். யாவரும் இலவசமாகப் படிக்கக்கூடிய நல்ல ஆய்விதழ்கள் பலவும் கட்டணம் வாங்குகின்றன; அது முறையானதே. ஆனால், வல்லுநர்கள் கட்டுரையைப் படித்துக் குறை சொல்லி, திருத்தி அனுப்பி, ஏற்புக் கடிதம் வந்த பிறகே அக்கட்டணம் செலுத்தப்படும்; பெரும்பாலும் வழிகாட்டிப் பேராசிரியரின் ஆய்வு நிதியிலிருந்து, ரசீதுடன், நேரே பதிப்பகத்தின் கணக்குக்குச் செல்லும். கட்டுரையை எவரும் படிப்பதற்கு முன்பே, ஒரு தனிமனிதரின் கைப்பேசி எண்ணுக்குப் பணம் அனுப்பச் சொன்னால், அது அந்தக் கட்டணம் அன்று.