கினேசின் எப்படி நடக்கிறது? மோட்டார் புரதங்கள் பற்றி நீங்கள் கேட்டவை

கினேசின் என்ற மோட்டார் புரதத்தை வைத்து ஆய்வகத்தில் சில வருடங்கள் வேலை பார்த்திருக்கிறேன். செல்லுக்குள் சரக்கு சுமக்கும் மோட்டார் புரதங்கள் பற்றி எதை வேண்டுமானாலும் கேளுங்கள் என்றிருந்தேன். வந்தவற்றில் ஏழு கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, வாட்ஸப்பில் ஒரு வீடியோ சுற்றுகிறது. இரண்டு கால் உள்ள ஏதோ ஒன்று, பெரிய பந்தைச் சுமந்துகொண்டு ஒரு குழாய் மேல் நடக்கிறது. மூளைக்குள் மகிழ்ச்சி இப்படித்தான் போகிறதாம். உண்மையா?

பதில்: மகிழ்ச்சிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்காக 2006-இல் செய்த ஓர் அனிமேஷனின் துண்டு அது. நடப்பது கினேசின். காலடியில் இருப்பது நுண்குழல், செல்லுக்குள் இருக்கும் பாதை. பந்து என்பது சவ்வால் ஆன ஒரு பை. நடை உண்மைதான், அந்த நிதானம் மட்டும் உண்மை இல்லை. செல்லுக்குள் தண்ணீர் மூலக்கூறுகள் எல்லாப் பக்கமிருந்தும் ஓயாமல் இடித்துக்கொண்டே இருக்கும். அந்த மோதல்தான் அடுத்த கேள்விக்குப் பதில்.

கேள்வி: பிளஸ் டூ படிக்கிறேன் அக்கா. ஏடிபி என்ற மூலக்கூறு ஆற்றல் தருகிறது என்று புத்தகத்தில் ஒரு வரிதான் இருக்கிறது. அது எப்படிக் காலைத் தூக்கி வைக்கிறது?

பதில்: தூக்கி வைப்பதில்லை, தம்பி. விஷயமே அங்கேதான் இருக்கிறது.

முதலில் அமைப்பு. கினேசினுக்கு இரண்டு காலும், ஒன்றையொன்று முறுக்கிக்கொண்ட நீளமான தண்டும், சரக்கைப் பிடிக்கும் வாலும் உண்டு. கால் என்று நான் சொல்வதைப் புத்தகங்கள் தலை என்று எழுதும். ஒவ்வொரு காலையும் தண்டோடு சேர்ப்பது சுமார் 15 அமினோ அமிலம் கொண்ட குட்டி நாடா.

இப்போது ஓர் அடியைப் பார்ப்போம். பின்கால் தன் ஏடிபியை உடைத்து முடித்து, பிடி விட்டு நிற்கிறது. முன்காலில் புதிதாக ஓர் ஏடிபி வந்து உட்கார்ந்ததும், அந்தக் காலின் நாடா முன்பக்கமாக மடிந்து ஒட்டிக்கொள்ளும். அதோடு பின்காலும் முன்னால் வந்துவிடும். ஆனால் அடுத்து எங்கே பிடிப்பது என்று அதற்குத் தெரியாது. தண்ணீர் இடிக்க இடிக்க அலையும். அலைந்து சரியான இடத்தில் பட்டதும் இறுகப் பிடித்துக்கொள்ளும்.

தேர் இழுப்பதைப் பார்த்திருப்பாய். முட்டுக்கட்டை போடுகிறவர் வடம் பிடிப்பதில்லை. ஆனால் சக்கரம் பின்னால் உருளாமல் பார்த்துக்கொள்கிறார். ஏடிபி செய்வதும் பெரும்பாலும் அந்த வேலைதான். இழுப்பது தண்ணீரின் இடி.

ஓர் அடிக்கு ஒரு ஏடிபி, 8 நானோமீட்டர் (ஒரு நானோமீட்டர் என்பது மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு) முன்னேற்றம். வினாடிக்குச் சுமார் 100 அடி. எதிரே சுமார் 6 பிகோநியூட்டன் (மூலக்கூறு அளவில் விசையை அளக்கும் மிகச் சிறிய அலகு) விசையால் இழுத்தால்தான் நின்றுபோகும். கணக்குப் போட்டால், ஏடிபியின் ஆற்றலில் ஏறத்தாழ பாதி வேலையாக மாறுகிறது.

இதை நுண்ணோக்கி வழியே கண்ணால் பார்க்கவும் முடியும். கினேசின்களை வால் கீழே, கால் மேலே இருக்கும்படி கண்ணாடியில் ஒட்டவைப்போம். அதன்மேல் சிவப்பாக ஒளிரும் சாயம் ஏற்றிய நுண்குழல்களை விடுவோம். ஏடிபி இல்லாதவரை சிவப்புக் கோடுகள் அப்படியே ஒட்டிக் கிடக்கும். ஒரு ஓரத்தில் ஒரு சொட்டு ஏடிபி விட்டு, மறு ஓரத்தில் வடிதாளால் உறிஞ்சி இழுத்தால் கோடுகள் எல்லாம் ஊர ஆரம்பிக்கும். ஒவ்வொரு கோட்டின் நுனியும் கொஞ்சம் அலையும், அடுத்த கினேசின் பிடித்ததும் நேராகும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை.

கேள்வி: இவ்வளவு ஏற்பாடு எதற்கு? தண்ணீரில் மை பரவுவதுபோல எல்லாம் தானாகப் பரவாதா?

பதில்: சின்னச் செல்லில் பரவும். உங்கள் முதுகெலும்பிலிருந்து கால் விரல் வரை ஓடும் நரம்பிழை ஏறக்குறைய 1 மீட்டர். ஒரு பை அந்தத் தூரம் தானாகப் பரவ ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகும். மோட்டார் சுமந்தால் சில நாட்களில் போய்விடும். கினேசினை 1985-இல் ரொனால்ட் வேல், தாமஸ் ரீஸ், மைக்கேல் ஷீட்ஸ் குழு கண்டுபிடித்ததும் நரம்பில்தான். கணவாய் மீனின் தடித்த நரம்பிழை அதற்கு உதவியது.

கேள்வி: மேடம், நாய் காலில் கடித்தால் ரேபிஸ் வர நாளாகும், முகத்தில் கடித்தால் சீக்கிரம் வரும் என்கிறார்களே?

பதில்: சரிதான், காரணம் டைனீன் என்ற மோட்டார். நரம்பிழையில் கினேசின் வெளிமுனை நோக்கிப் போகும், டைனீன் அங்கிருந்து செல்லின் உடலை நோக்கித் திரும்பும். நுண்குழலுக்கு ஒரு திசை உண்டு. அதை வைத்துத்தான் இரண்டும் வழி பிரிகின்றன. ரேபிஸ் வைரஸ் நரம்பு முனைக்குள் புகுந்து, டைனீன் சுமக்கும் சரக்கோடு சரக்காக மூளைப் பக்கம் பயணம் செய்கிறது. காலிலிருந்து தூரம் அதிகம், முகத்திலிருந்து குறைவு. அதற்காகக் காலில்தானே என்று காத்திருக்கவே கூடாது. கடித்த உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே ஊசிக்குப் போங்கள். வைரஸ் மூளைக்குப் போய் அறிகுறி தெரிந்துவிட்டால் அநேகமாக யாரையும் காப்பாற்ற முடிவதில்லை.

கேள்வி: இறந்தவர் உடல் ஏன் விறைத்துப் போகிறது?

பதில்: தசையில் இருக்கும் மோட்டார் மையோசின். அது ஆக்டின் இழையைப் பிடித்து இழுக்கும். பிடியை விட வேண்டுமென்றால் புதிதாக ஓர் ஏடிபி வந்து ஒட்ட வேண்டும். இறந்தபின் ஏடிபி தீர்ந்துவிடுகிறது, பிடித்தது பிடித்தபடி நிற்கிறது. அப்புறம் தசைப் புரதங்கள் சிதையத் தொடங்கியதும் விறைப்பு போய்விடும்.

கேள்வி: என் தம்பிக்கு இதயம் வலப்பக்கம் இருக்கிறது. அடிக்கடி சைனஸ், நெஞ்சுச் சளி. டைனீன் கோளாறாக இருக்கலாம் என்றார் டாக்டர். மூன்றுக்கும் என்ன தொடர்பு?

பதில்: மூச்சுக்குழாயில் சளியை வெளியே தள்ளும் மெல்லிய மயிரிழைகளை அசைப்பது டைனீன். அது வேலை செய்யாவிட்டால் சளி தேங்கும். கருவாக இருக்கும்போது இடம் எது, வலம் எது என்று தீர்மானிப்பதிலும் இதே மாதிரி சுழலும் இழைகளுக்குப் பங்கு உண்டு. அவை சுழலாதபோது முடிவு தற்செயலாகிவிடும். அதனால் இந்தக் கோளாறு உள்ளவர்களில் சுமார் பாதிப் பேருக்கு உறுப்புகள் இடம் மாறியிருக்கும். இப்படி உறுப்புகளும் இடம் மாறியிருந்தால் அதற்குக் கார்டஜனர் நோய் என்று பெயர். இதயம் வலப்பக்கம் இருப்பதால் மட்டும் பெரும்பாலும் தொந்தரவு இல்லை. தம்பியின் நுரையீரலைத்தான் விடாமல் கவனிக்க வேண்டும்.

கேள்வி: தாராபுரம் பக்கம் கண்வலிக்கிழங்கு போட்டிருக்கிறோம். அந்த விதை செல்லுக்குள் ஏதோ செய்யும் என்றார்கள். இதோடு சேர்ந்த விஷயமா?

பதில்: நேரடியாகச் சேர்ந்ததுதான், ஐயா. உங்கள் செங்காந்தள் விதையிலிருந்து எடுக்கும் கோல்சிசின், மோட்டாரைத் தொடுவதில்லை, பாதையைத் தொடுகிறது. நுண்குழல் டியூபுலின் என்ற புரதத் துண்டுகளை அடுக்கிக் கட்டியது. கோல்சிசின் அந்தத் துண்டோடு ஒட்டிக்கொண்டால் அடுக்கு வளராது. கவுட் எனும் மூட்டு வீக்கத்தில், வெள்ளை அணுக்கள் மூட்டுக்குள் திரண்டு வருவது இதனால் குறைகிறது. அதனால்தான் அது மருந்து. பாதை எல்லாச் செல்லுக்கும் வேண்டும் என்பதால் அதுவே விஷமும்கூட. மருந்தாகும் அளவுக்கும் கொல்லும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. விதையைவிடக் கிழங்கில்தான் வீட்டில் ஆபத்து நடக்கிறது. வேறு கிழங்கு என்று நினைத்துச் சமைத்துவிடுவார்கள். நடவுக்கு எடுத்து வைத்த கிழங்கைச் சமையலறைப் பக்கமே வைக்காதீர்கள்.