எண்ணுகிறாள், எடுத்துத் தரத் தெரியவில்லை

கேள்வி: என் மகளுக்கு 4 வயது. இருபது வரை மளமளவென்று சொல்கிறாள். ‘அஞ்சு புளியங்கொட்டை கொடு’ என்றால் கை நிறைய அள்ளித் தருகிறாள். ஏன்?

பதில்: அவள் சொல்வது பாட்டு மாதிரி மனப்பாடம். கடைசியாகச் சொல்லும் எண்தான் மொத்தம் என்பது இன்னும் பிடிபடவில்லை. இந்த வயதில் இது குறையே அல்ல. எழுதச் சொல்லி வதைக்காதீர்கள்.

முட்டை அட்டையில் 3 குழிகளை மட்டும் வெட்டியெடுங்கள். குழிக்கு ஒரு கொட்டையாகப் போட்டு அவளே எண்ணட்டும். ‘மொத்தம் எத்தனை?’ என்று கேளுங்கள். மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினால், ‘ஒண்ணு, ரெண்டு, மூணு... மூணு இருக்கு’ என்று சொல்லிக் காட்டுங்கள். அடுத்து, அட்டை இல்லாமல் ‘மூணு கொடு’. சரியாகத் தந்த பிறகே 4.

விரலை முந்திக்கொண்டு வாய் ஓடும். அப்போது ஒவ்வொரு கொட்டையையும் தள்ளி வைத்து எண்ணச் சொல்லுங்கள். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் கொட்டை வேண்டவே வேண்டாம், தொண்டையில் சிக்கும், ஸ்பூன் போதும்.