சம்பந்தி வீட்டு ரத்தம்

அன்புள்ள ஐயா,

என் மனைவிக்கு 34 வயது. இரண்டு வருடமாகக் காலையில் சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போகிறது. கண்ணும் மஞ்சளாக இருந்ததால் காமாலை என்று கீழாநெல்லி கொடுத்தோம். இப்போது பி.என்.எச். (பராக்சிஸ்மல் நாக்டர்னல் ஹீமோகுளோபினூரியா) என்ற ரத்தநோய் என்கிறார்கள். "ரத்தத்துல வியாதி, பொண்ணு வீட்டுல மறைச்சுட்டாங்க" என்று அம்மா அவளுடைய தம்பிகளிடம் சண்டை போட்டுவிட்டார். எங்கள் மகளுக்கும் வருமா?

ஒரு வாசகர், கரூர்

அன்புள்ள நண்பருக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். தாயிடமிருந்து மகளுக்கு இது வராது.

'ரத்தத்திலேயே ஊறியது' என்றால் நம் பேச்சில் பரம்பரை என்று பொருள். அதனால்தான் ரத்தத்தில் நோய் என்றதும் சம்பந்தி வீட்டை முறைக்கிறோம். இந்த நோயோ பிறந்த பிறகு வந்து சேர்வது. எலும்பு மஜ்ஜையில் ரத்தம் உண்டாக்கும் ஒரு மூலச்செல்லில் பிஐஜி-ஏ என்ற மரபணு என்றோ ஒருநாள் பழுதாகிறது. அந்தச் செல்லின் வழிவந்த அணுக்களில்தான் குறை. கருமுட்டைக்கும் அதற்கும் தொடர்பில்லை.

என் சித்தி மகனுக்கு இது இருந்ததால் கொஞ்சம் படித்தேன். நம் உடம்பில் கிருமிகளைத் துளைக்கும் 'காம்ப்ளிமென்ட்' புரதங்கள் உண்டு. அவை நம் சிவப்பணுவையே துளைக்காமல் காப்பவை, அணுவின் மேல் இருக்கும் சிடி55, சிடி59 என்ற புரதங்கள். பழுதான அணுக்களில் இவை இரண்டும் இருக்காது. அணு உடைந்து ஹீமோகுளோபின் சிறுநீரில் இறங்குகிறது. கண் மஞ்சளானதும் அதனால்தான், கீழாநெல்லிக்காக வருந்தாதீர்கள்.

1882-ல் ஜெர்மனியில் ஸ்ட்ரூபிங் என்ற மருத்துவர், வண்டி செய்யும் 29 வயதுத் தச்சர் ஒருவரிடம் இதைக் கண்டு எழுதினார். தூக்கத்தில்தான் அணு உடைகிறது என்று நினைத்தார். அதனால் பெயரில் 'நாக்டர்னல்', அதாவது 'இரவு', ஒட்டிக்கொண்டது. உண்மையில் பகலிலும் உடைகிறது, இரவில் சிறுநீர் செறிவதால் காலையில் கறுப்பாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

எனக்குப் பயம் நிறத்தைப் பற்றி இல்லை. ரத்த உறைவுதான் இதில் அதிகம் உயிரைப் பறிப்பது. கடும் வயிற்றுவலியோ தலைவலியோ வந்தால் சுக்குக் கஷாயம் போடாமல் உடனே ஓடுங்கள். ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை வேண்டாம். அடுத்த குழந்தை என்ற பேச்சை ரத்தநோய் மருத்துவரிடம் கேட்காமல் எடுக்காதீர்கள்.

2007-ல் அந்தக் காம்ப்ளிமென்ட்டைத் தடுக்கும் எக்குலிசுமாப் என்ற மருந்து வந்து நிலைமையை மாற்றியது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நரம்பில் ஏற்றுவார்கள். அதற்கு முன், மூளைக்காய்ச்சல் தரும் மெனிஞ்சோகாக்கஸ் கிருமிக்கான தடுப்பூசி கட்டாயம். விலைதான் நம்மில் பெரும்பாலோருக்கு எட்டாது. முழுதாகக் குணமாக்குவது மஜ்ஜை மாற்று, அதில் ஆபத்தும் உண்டு, எல்லோருக்கும் சொல்ல மாட்டார்கள்.

ஒருவேளை சொன்னால், மஜ்ஜை பொருந்துமா என்று முதலில் பார்ப்பது உடன்பிறந்தவர்களிடம். ஒவ்வொருவருக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. அம்மா சண்டை போட்ட அந்தத் தம்பிகளை இந்த ஞாயிற்றுக்கிழமையே சாப்பாட்டுக்குக் கூப்பிடுங்கள்.