அப்பாவின் பான் கார்டை அவசரப்பட்டு ஒப்படைக்காதீர்கள்

கேள்வி: ஓய்வுபெற்ற அரசு ஊழியரான என் அப்பா ஆகஸ்ட் 17 அன்று காலமானார். உயில் இல்லை. அம்மா, அண்ணன், நான் மூவரும்தான் வாரிசுகள். வங்கி டெபாசிட்டுக்கு நான் நாமினி. ‘இறந்தவருக்கு ஏது வரி? பான் கார்டை ஒப்படைத்துவிடலாம்’ என்கிறார் அண்ணன். 1988-ல் அப்பா 40,000 ரூபாய்க்கு வாங்கிய மனை இப்போது 30 லட்சத்துக்கு விலைபோகிறது. முழுத் தொகைக்கும் வரி உண்டா? இந்த அலைச்சலைப் பார்த்த என் கணவர், தன் டெபாசிட்டையெல்லாம் இப்போதே என் பெயருக்கு மாற்றிவிடுகிறேன் என்கிறார். செய்யலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அப்பாவை இழந்த துக்கத்தோடு இந்தக் காகிதங்களையும் சுமக்கிறீர்கள், சகோதரி. முதலில் அண்ணனிடம் சொல்லுங்கள்: பான் கார்டு இன்னும் தேவைப்படும். ஏப்ரல் 1 முதல் ஆகஸ்ட் 17 வரையிலான வருமானத்துக்கு அப்பா பெயரில்தான் ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டும். கூடுதலாகப் பிடித்த டி.டி.எஸ். (பணம் தரும்போதே பிடித்துக்கொள்ளும் வரி) திரும்பி வருவதும் அந்த எண்ணில்தான். ரீஃபண்ட் கைக்கு வந்த பிறகு ஒப்படையுங்கள்.

உங்களில் ஒருவர் வருமான வரித் தளத்தில் சட்டப்பூர்வ வாரிசாகப் பதிய வேண்டும். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், அப்பா, பதிபவர் இருவரின் பான், ஓர் உறுதிமொழிக் கடிதம் கேட்பார்கள். அப்பாவுக்கு வரி பாக்கி இருந்தாலும் அவர் விட்டுச்சென்ற சொத்தின் மதிப்பு வரைதான் உங்கள் பொறுப்பு. சொந்தச் சம்பளத்திலிருந்து கட்ட வேண்டியதில்லை.

பலர் தடுமாறுவது வட்டியில்தான். வருமான வரித் தளத்தில் அப்பாவின் ஏ.ஐ.எஸ்.ஸை (ஆண்டு வருமானத் தகவல் அறிக்கை) திறந்தால் வங்கி முழு ஆண்டு வட்டியையும் அவர் தலையிலேயே ஏற்றியிருக்கும். ஆகஸ்ட் 17 வரை எவ்வளவு, அதற்குப் பின் எவ்வளவு என்று வங்கியிடம் தனித்தனியாகச் சான்று வாங்குங்கள். பிந்தையது வாரிசுகளின் வருமானம். நாமினி என்பதால் முழுவதையும் நீங்கள் காட்ட வேண்டாம். நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்பவர், உரிமையாளர் அல்லர். கம்பெனிப் பங்குகள் விஷயத்திலும் 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இதையேதான் சொன்னது. மூவரும் அவரவர் பங்கைக் காட்டினால் போதும்.

அம்மாவுக்கு வரும் குடும்ப ஓய்வூதியத்துக்கு வரி உண்டு. அதில் மூன்றில் ஒரு பங்கு அல்லது 15,000 ரூபாய் (புதிய வரி முறையில் 25,000), எது குறைவோ அதைக் கழித்துக்கொள்ளலாம்.

இனி மனை. நம் நாட்டில் இறந்தவரின் சொத்துக்குப் போட்ட எஸ்டேட் வரி 1985-லேயே போய்விட்டது. சொத்து உங்களுக்கு வந்ததற்கு வரி கிடையாது, விற்கும்போதுதான் வரி. அப்போது ‘எங்களுக்குச் சும்மா வந்தது, வாங்கிய விலை பூஜ்யம்’ என்று எழுதிவிடாதீர்கள். அப்பா கொடுத்த விலைதான் உங்கள் விலை, அவர் வைத்திருந்த காலமும் உங்கள் காலம். அதைவிட நல்லது, 2001-க்கு முன் வாங்கிய சொத்து என்பதால் 1.4.2001 அன்றைய சந்தை மதிப்பை எடுத்துக்கொள்ளலாம். அன்றைய வழிகாட்டி மதிப்பை மட்டும் தாண்டக் கூடாது. அந்த மதிப்பு 3 லட்சம் என்று வையுங்கள்: ஆதாயம் 27 லட்சம், ஆளுக்கு 9 லட்சம், வரி 12.5 சதவீதம், செஸ் தனி. அம்மாவுக்கு வேறு வருமானம் குறைவென்றால், வரி இல்லாத அடிப்படை வரம்பில் மிச்சமிருப்பதை இதில் கழிக்கலாம். குறியீட்டெண்ணோடு (வாங்கிய விலையைப் பணவீக்கத்துக்கு ஏற்ப உயர்த்துவது) 20 சதவீதம் என்ற கணக்கையும் ஆடிட்டரிடம் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஆகவே பீரோவில் அந்த 1988 கிரயப் பத்திரத்தை இன்றே தேடி எடுங்கள். விலையும் தேதியும் அதில்தான் இருக்கின்றன. பதிவுபெற்ற மதிப்பீட்டாளரிடம் 2001-ம் ஆண்டு மதிப்புக்கு அறிக்கையும் வாங்குங்கள்.

கணவரின் யோசனை அன்பானது, ஆனால் வரியில் பலன் தராது. மனைவிக்குக் கொடுத்த டெபாசிட்டின் வட்டி கணவரின் வருமானத்தோடுதான் சேரும். உயில் மூலம் வந்தால் அந்தச் சேர்ப்பு இல்லை. அவரை உயில் எழுதச் சொல்லுங்கள். இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்டால் பதிவு செய்யாத உயிலும் செல்லும். இருந்தாலும் பதிவு செய்வதே நல்லது: வாரிசாகப் பதியும்போது வருமான வரித் தளம் ஏற்கும் ஆவணங்களின் பட்டியலில் இருப்பது பதிவு செய்த உயில்தான்.