நண்டலாறு தாண்டினால் வெளிமாநிலம்: என்ஐடி சேர்க்கை கேள்வி – பதில்

என் மகள் பொறையாறில் பிளஸ் டூ படிக்கிறாள். திருவேட்டக்குடியில் இருக்கும் என்ஐடிக்கு (தேசியத் தொழில்நுட்பக் கழகம்) எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய் வந்துவிடலாம். பக்கத்து ஊர்க்காரர்களுக்கு முன்னுரிமை உண்டா?
– ஒரு தாய், பொறையாறு

கிடையாது. திருவேட்டக்குடி, புதுச்சேரி யூனியன் பிரதேசத்தைச் சேர்ந்த காரைக்கால் பகுதியில் இருக்கிறது. அங்கே இருப்பது புதுச்சேரி என்ஐடி. ஒவ்வொரு என்ஐடியிலும் பாதி இடம் சொந்த மாநிலத்துக்கு, மீதிப் பாதி மற்ற மாநிலத்தாருக்கு. எல்லையான நண்டலாற்றுக்கு இந்தப் பக்கம், தமிழ்நாட்டில் படிக்கும் உங்கள் மகள் அங்கே வெளிமாநில மாணவி. பீகார், ராஜஸ்தான் பிள்ளைகளோடு ஒரே வரிசையில்தான் நிற்க வேண்டும். அவளுக்குச் சொந்த மாநில என்ஐடி திருச்சிதான்.

இதனால் நீங்கள் பார்க்க வேண்டிய ஜேஇஇ (பொறியியல் நுழைவுத் தேர்வு) ரேங்க் பட்டியலும் மாறுகிறது. என்ஐடி இடங்களை ஒதுக்கும் ஜோசா அமைப்பின் இணையதளத்தில் முந்தைய ஆண்டுகளின் தொடக்க, இறுதி ரேங்க்குகள் இருக்கின்றன. கடைசிச் சுற்றைத் தேர்ந்தெடுங்கள். புதுச்சேரி என்ஐடிக்கு ‘ஓஎஸ்’ என்ற வெளிமாநில வரிசையையும், திருச்சிக்கு ‘எச்எஸ்’ என்ற சொந்த மாநில வரிசையையும் பாருங்கள். புதுச்சேரி சின்னப் பிரதேசம் என்பதால் அங்கே எச்எஸ் ரேங்க் வெகுதூரம் இறங்கும். அதைப் பார்த்து ‘நமக்கும் கிடைத்துவிடும்’ என்று நம்பி ஏமாறுகிற குடும்பங்கள் அதிகம். பெண்களுக்கான தனி இடங்களின் வரிசை வேறு, பொது வரிசை வேறு. உங்கள் மகளை இரண்டுக்குமே கணக்கில் எடுப்பார்கள், அதனால் இரண்டையும் பாருங்கள். இன்னொன்று: ஓபிசி, எஸ்சி வரிசைகளில் அச்சாகியிருப்பது அந்தந்தப் பிரிவுக்குள்ளான ரேங்க். பொது ரேங்க்கை அதோடு ஒப்பிட்டால் கணக்கே தப்பிவிடும்.

கவுன்சலிங்கில் சாய்ஸ் கொடுக்கும்போது ‘எது கிடைக்கும்’ என்று யோசித்து அடுக்காதீர்கள். எது வேண்டுமோ அதே வரிசையில் அடுக்குங்கள். கிடைக்காத இடத்தை முதலில் போட்டதற்காகக் கீழே இருக்கும் இடம் பறிபோகாது. எத்தனை சாய்ஸ் வேண்டுமானாலும் கொடுக்கலாம். குறைவாகக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நிற்பதுதான் ஆபத்து. இடம் கிடைத்ததும் ‘ஃப்ரீஸ்’ என்றால் அதுவே போதும் என்று பொருள். ‘ஸ்லைடு’ என்றால் அதே கல்லூரிக்குள் உங்கள் பட்டியலில் மேலே உள்ள பிரிவுக்கு மாறச் சம்மதம். ‘ஃப்ளோட்’ என்றால் பட்டியலில் மேலே உள்ள எந்தக் கல்லூரிக்கும் மாறச் சம்மதம். மேலே ஏறிவிட்டால் பழைய இடத்தைத் திரும்பக் கேட்க முடியாது. ஆகவே, போக மனமில்லாத ஊரைப் பட்டியலில் மேலே வைக்கவே கூடாது. கட்டணம் கட்டவோ, சான்றிதழ் பற்றிய கேள்விக்குப் பதில் சொல்லவோ நேரம் தவறினால் இடம் போய்விடும், அடுத்த சுற்றுகளிலும் சேர்க்கமாட்டார்கள். அந்த நாட்களில் காலையும் மாலையும் லாகின் செய்து பாருங்கள்.

ஜேஇஇ ரேங்க் வந்தால் மட்டும் போதாது. பிளஸ் டூவில் 75 சதவீதம் வேண்டும், அல்லது அந்த வாரியத்தின் முதல் 20 பெர்சென்டைலுக்குள் (மதிப்பெண்ணில் முதல் 20 சதவீத மாணவர்களுக்குள்) இருக்க வேண்டும். எஸ்சி, எஸ்டி மாணவர்களுக்கு 65 சதவீதம்.

வீடு காரைக்காலில். ரேஷன் கார்டு, ஆதார் எல்லாம் புதுச்சேரி முகவரி. ஆனால் பையன் தரங்கம்பாடியில் பிளஸ் டூ படிக்கிறான். எந்த மாநிலம் என்று போடுவது?
– ஒரு வாசகர், காரைக்கால்

தமிழ்நாடு. முகவரி, பிறந்த ஊர், பெற்றோர் ஊர் எதையும் பார்ப்பதில்லை. பிளஸ் டூ தேர்ச்சி பெறும் பள்ளி எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அதுதான் கணக்கு. பாடத்திட்டத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை: காரைக்கால் பள்ளி ஒன்றில் தமிழ்நாடு பாடத்திட்டத்தில் எழுதினாலும் புதுச்சேரிதான். திறந்தநிலைப் பள்ளி மூலம் எழுதுபவர்களுக்கு அவர்களுடைய படிப்பு மையம் இருக்கும் மாநிலம். விண்ணப்பத்தில் நிரந்தர முகவரியைப் பார்த்து மாநிலத்தைப் போட்டிருந்தால், திருத்தத்துக்குத் தரும் அவகாசத்திலேயே மாற்றிவிடுங்கள்.

மகனை விஜயவாடாவில் விடுதியோடு கூடிய கல்லூரியில் இன்டர்மீடியட் சேர்க்க நினைக்கிறோம். திருச்சி என்ஐடிதான் குறி. பாதிப்பு வருமா?
– ஒரு தந்தை, கும்பகோணம்

வரும். இன்டர்மீடியட் என்பது அங்கத்திய பிளஸ் டூ. அதை ஆந்திராவில் எழுதித் தேர்ச்சி பெற்றால் அவருடைய சொந்த மாநில என்ஐடி தாடேபள்ளிகூடெத்தில் இருக்கும் ஆந்திரா என்ஐடிதான். திருச்சியில் அவர் வெளிமாநிலம். பிறகு தமிழ்நாட்டில் மறுபடி எழுதி மதிப்பெண்ணைக் கூட்டினாலும் மாறாது. முதல் முறை தேர்ச்சி பெற்ற மாநிலமே நிற்கும். திருச்சிதான் குறி என்றால், சேர்ப்பதற்கு முன் திருச்சியின் எச்எஸ், ஓஎஸ் ரேங்க்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பயிற்சியை எங்கே வேண்டுமானாலும் எடுக்கலாம். பிளஸ் டூ பதிவு தமிழ்நாட்டுப் பள்ளியில் இருப்பதே உங்களுக்கு நல்லது என்பது எங்கள் கருத்து. ஆந்திராதான் என்று முடிவானால், அண்ணா பல்கலைக்கழகக் கல்லூரிகளுக்கான கவுன்சலிங்குக்கு இருப்பிடச் சான்றிதழ் தேவைப்படும். தாசில்தாரிடம் முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

எங்களிடம் எம்பிசி சான்றிதழ் இருக்கிறது. விவசாயக் குடும்பம். அது போதாதா?
– ஒரு மாணவி, மன்னார்குடி

போதாது. என்ஐடியில் தமிழ்நாட்டின் பிசி, எம்பிசி ஒதுக்கீடு இல்லை. மத்திய ஓபிசி பட்டியலுக்கான 27 சதவீதம்தான் உண்டு. உங்கள் சமூகம் மத்தியப் பட்டியலிலும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால், கிரீமி லேயர் (வசதி படைத்த பிரிவு) இல்லை என்று குறிப்பிடும் ஓபிசி சான்றிதழை மத்திய அரசின் படிவத்தில் இ-சேவை மையம் வழியாக விண்ணப்பித்து வாங்க வேண்டும். சேர்க்கை ஆண்டின் ஏப்ரல் 1 அல்லது அதற்குப் பிந்தைய தேதி இருக்க வேண்டும். போன வருஷத்துச் சான்றிதழ் செல்லாது. தேர்வு முடியட்டும் என்று காத்திருக்காமல் ஏப்ரல் முதல் வாரத்திலேயே விண்ணப்பியுங்கள். சான்றிதழ் சரியில்லை என்றால் பொதுப் பிரிவுக்கு மாற்றிவிடுவார்கள்.

கிரீமி லேயருக்கான 8 லட்சம் ரூபாய் வருமான வரம்பில் விவசாய வருமானமும் சம்பளமும் சேராது. வாடகை, கடை, அரிசி ஆலை வருமானம் சேரும். நிலத்தின் அளவைத் தனியாகப் பார்ப்பார்கள்: பாசன நிலம் சட்டப்படியான நில உச்சவரம்பில் 85 சதவீதத்தை எட்டினால் கிரீமி லேயர். விஏஓ விசாரணைக்கு வரும்போது நெல், உளுந்து வருமானத்தை மற்ற வருமானத்திலிருந்து பிரித்து எழுதிக் கொடுங்கள். மொத்தமாகச் சொன்னால் எல்லாம் ஒரே தொகையாகப் பதிவாகிவிடும். இனிஷியலையும் கவனியுங்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ‘எஸ்’ என்றும் ஓபிசி சான்றிதழில் அப்பாவின் முழுப் பெயரும் இருந்தால் சரிபார்ப்பில் கேள்வி எழும். இ-சேவை மையத்தில் அனுப்புவதற்கு முன், திரையில் உள்ள பெயரை எழுத்து எழுத்தாகப் படித்துப் பாருங்கள்.