மத்தியா, ஒன்றியமா? – வாசகர் கேள்வி பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், அரசியலைவிட அரசியலில் புழங்கும் சொற்களைப் பற்றியே கேட்டிருந்தன. அவற்றில் சிலவற்றை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

‘மத்திய அரசு’ என்று கரும்பலகையில் எழுதினால் ஒரு சக ஆசிரியர் முறைக்கிறார். ‘ஒன்றிய அரசு’ என்று எழுதினால் இன்னொருவர் முறைக்கிறார். எதைத்தான் எழுதுவது? (ஓர் ஆசிரியர், கும்பகோணம்)

இரண்டும் பிழையல்ல. அரசமைப்புச் சட்டத்தின் முதல் பிரிவு, இந்தியா, அதாவது பாரதம், மாநிலங்களின் ஒன்றியமாக இருக்கும் என்றுதான் தொடங்குகிறது. 1897-ஆம் ஆண்டின் ஜெனரல் கிளாசஸ் சட்டமோ, ‘சென்ட்ரல் கவர்ன்மென்ட்’ என்பதற்கு வரையறை தந்திருக்கிறது. நாடாளுமன்றச் சட்டங்களில் இன்றும் அந்தப் பெயர் வருகிறது. 2021-இல் தமிழ்நாட்டில் ஆட்சி மாறி, அரசு அறிக்கைகளில் ‘ஒன்றிய அரசு’ இடம்பெறத் தொடங்கிய பிறகுதான், ஒருவர் எந்தச் சொல்லை எழுதுகிறார் என்பதைப் பார்த்து அவருடைய கட்சியைக் கணிக்கும் வழக்கம் வந்தது.

இதில் விந்தை என்னவென்றால், 1948 நவம்பர் 4 அன்று அரசமைப்பு நிர்ணய சபையில் வரைவை முன்வைத்துப் பேசிய அம்பேத்கர், ‘ஃபெடரேஷன்’ என்று எழுதாமல் ‘யூனியன்’ என்று எழுதியதற்குச் சொன்ன காரணம், இந்தக் கூட்டாட்சி மாநிலங்கள் தமக்குள் செய்துகொண்ட உடன்படிக்கையால் பிறந்ததன்று, ஆகவே எந்த மாநிலத்துக்கும் பிரிந்துபோகும் உரிமை கிடையாது என்பதுதான். மாநில உரிமைக்காக அந்தச் சொல்லை அழுத்திச் சொல்பவர்களும், அதில் பிரிவினை வாடை வீசுவதாகப் பதறுபவர்களும் அந்த உரையைப் படித்தால், இருவரும் இடம் மாறி நிற்க வேண்டியிருக்கும்.

நான் ‘ஒன்றிய அரசு’ என்றே எழுதுகிறேன். ஒன்றை நடு என்று சொல்லிவிட்டால் மற்றவை ஓரமாகிவிடுகின்றன என்பது என் எண்ணம். ஒரே இடைஞ்சல், கிராமத்தில் ‘ஒன்றிய ஆபீஸ்’ என்றால் பி.டி.ஓ. அலுவலகம் என்றுதான் புரிந்துகொள்வார்கள். மற்றபடி, சொல்லை மாற்றியதால், பகிர்ந்தளிக்கப்படும் வரியில் தமிழ்நாட்டுக்குப் பதினைந்தாவது நிதிக்குழு 2021-26 காலத்துக்கு வகுத்த 4.079 விழுக்காடு ஒரு புள்ளிகூட ஏறிவிடவில்லை.

தொலைக்காட்சி விவாதங்களில் ஓயாமல் கேட்கும் ‘வாக்கு வங்கி’ எங்கிருந்து வந்தது? (மதுரை)

மேடையிலிருந்து அல்ல, சமூகவியலிலிருந்து. மைசூர் வட்டாரக் கிராமம் ஒன்றில் தங்கி ஆய்வு செய்த எம்.என்.ஸ்ரீநிவாஸ், 1950-களில் இச்சொல்லைப் பயன்படுத்தினார். அவர் அதனால் சுட்டியது ஒரு சாதியையோ மதத்தையோ அல்ல. தம்மிடம் குத்தகைக்கு உழுபவர், கடன்பட்டவர், கூலிக்கு வருபவர் ஆகியோரின் ஓட்டுகளை மொத்தமாகத் திரட்டி வேட்பாளரிடம் சேர்க்கக்கூடிய ஊர்ப் பெரிய மனிதரைத்தான். வங்கி என்பது அந்த இடைத்தரகர். இன்று அவரை விட்டுவிட்டு, ஓட்டுப் போடும் மக்களையே வங்கி என்கிறோம். அதுவும் எல்லா மக்களையும் அல்ல. சிறுபான்மையினர் ஒரு கட்சிக்குச் சேர்ந்தாற்போல ஓட்டளித்தால் வாக்கு வங்கி. நகர்ப்புற நடுத்தர வர்க்கம் வருமான வரிச் சலுகையைப் பார்த்து ஓட்டளித்தால் அதற்குப் பெயர் ‘மக்கள் தீர்ப்பு’. இந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம், பேசுபவர் யாரை விட்டுவிட்டுப் பேசுகிறார் என்று கவனித்துப் பாருங்கள்.

சட்டத்தின் பெயரே மாறிவிட்ட பிறகு, ஏமாற்றுக்காரனை ‘ஃபோர் ட்வென்டி’ என்று திட்டுவது செல்லுமா? (சேலம்)

திட்டுவதற்குச் செல்லும், 2024 ஜூலை 1-க்குப் பிறகு நடந்த குற்றத்துக்கு வழக்குப் போடத்தான் செல்லாது. 1860-இல் இயற்றப்பட்ட இந்திய தண்டனைச் சட்டத்தின் 420, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 318(4). கொலைக்கான 302 இனி 103. ஊரே அறிந்த 144 தடை உத்தரவு, குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 163. ‘அவன் சரியான முந்நூற்றுப் பதினெட்டு, அடைப்புக்குறிக்குள் நான்கு’ என்று சொல்லி முடிப்பதற்குள் ஏமாற்றியவன் அடுத்த தெருவுக்குப் போயிருப்பான். பழைய குற்றங்களுக்குப் பழைய சட்டமே பொருந்தும் என்பதால், நீதிமன்றங்களில் இரண்டு எண்களும் பல ஆண்டுகள் உடன்வாழும்.

எண் மாறியதில் எனக்குக் குறையில்லை, பெயரில்தான் குறை. சட்டங்களின் அதிகாரபூர்வ வாசகம் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் என்கிறது அரசமைப்பின் 348-ஆம் பிரிவு. உள்ளே இருப்பதெல்லாம் ஆங்கிலம், தலைப்பு மட்டும் ஆங்கில எழுத்தில் இந்தி என்பதால் யாருக்கும் சட்டம் எளிதாகிவிடவில்லை. எஃப்.ஐ.ஆர். நகலைக் கையில் வாங்கும் ஒரு தமிழருக்கு முன்பு ஒரு மொழி தெரியவில்லை, இப்போது இரண்டு தெரியவில்லை.

‘ஒரே நாடு, ஒரே தேர்தல்’ வந்தால் ஐந்தாண்டுக்கு ஒருமுறைதான் ஓட்டுச் சாவடிக்குப் போக வேண்டுமா? (கோயம்புத்தூர்)

முழக்கம் அப்படித்தான் நினைக்க வைக்கிறது. 2024 டிசம்பர் 17 அன்று மக்களவையில் 269-க்கு 198 என்ற வாக்குகளில் அறிமுகமாகி, கூட்டுக் குழுவுக்கு அனுப்பப்பட்ட மசோதா வேறு மாதிரி இருக்கிறது. ஒரு சட்டப்பேரவை இடையிலேயே கலைந்தால் தேர்தல் நடக்கும். ஆனால் புதிய பேரவைக்கு எஞ்சிய காலம் மட்டுமே ஆயுள். உள்ளாட்சித் தேர்தல் இந்த மசோதாவிலேயே இல்லை. ஆக, ‘ஒரே’ என்பது சுவரெழுத்துக்கு உரியது. 1951-52 முதல் 1967 வரை பெரும்பாலும் சேர்ந்தே நடந்த மக்களவை, சட்டப்பேரவைத் தேர்தல்கள், ஆட்சிகள் கவிழ்ந்ததாலும் 1971-இல் மக்களவைக்கு முன்கூட்டியே தேர்தல் நடத்தப்பட்டதாலும் பிரிந்துபோயின. கவிழ்த்தவர்களின் குற்றத்துக்கு, அரைகுறை ஆயுள் கொண்ட அரசை வாக்காளருக்குத் தண்டனையாகத் தருவது எனக்கு நியாயமாகப் படவில்லை. இந்தத் திருத்தம் நிறைவேற, அவைக்கு வந்து வாக்களிப்பவர்களில் மூன்றில் இரு பங்கினரின் ஆதரவு வேண்டும். அறிமுக நாளில் அந்த எண்ணிக்கை இல்லை.

நோட்டா முதலிடம் பெற்றால் மறுதேர்தல் உண்டா? (நாகர்கோவில்)

மக்களவை, சட்டப்பேரவைத் தேர்தல்களில் இல்லை. நோட்டாவுக்கு அடுத்து யார் இருக்கிறாரோ அவர் வென்றவர். 2024-இல் இந்தூர் தொகுதியில் 2 லட்சத்து 18 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் நோட்டாவை அழுத்தினார்கள்; முடிவு மாறவில்லை. 2013 உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் கிடைத்தது இரகசியம் மட்டும்தான். அதற்கு முன்பு ‘49-ஓ’ என்ற தேர்தல் விதியைச் சொல்லி, எல்லார் முன்னிலையிலும் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும்.

‘இலவசம்’ என்ற சொல் ‘விலையில்லா’ என்று மாறியது ஏன்? (திருவாரூர்)

2006-இல் வந்த தி.மு.க. அரசு கொடுத்தது இலவச வண்ணத் தொலைக்காட்சி. 2011-இல் வந்த அ.தி.மு.க. அரசு கொடுத்தது விலையில்லா மடிக்கணினி. வாங்குபவரின் கூச்சத்தைக் குறைக்கும் நல்ல சொல்லாட்சி அது. 2022 ஜூலையில் பிரதமர் மோடி இத்தகைய திட்டங்களை ‘ரேவடி’ என்றார். வடநாட்டு எள் மிட்டாயின் பெயர் அது. 2019 செப்டம்பரில் நிறுவனங்களுக்கான அடிப்படை வரி 30 விழுக்காட்டிலிருந்து 22 ஆகக் குறைக்கப்பட்டபோது, அரசுக்கு ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருவாய் குறையும் என்று நிதியமைச்சரே அறிவித்தார். அதற்கு எந்த மிட்டாயின் பெயரும் சூட்டப்படவில்லை, ‘ஊக்குவிப்பு’ என்றார்கள்.

செய்தித்தாள்களில் எப்போதும் ‘பணப் பட்டுவாடா’ என்றே எழுதுகிறார்களே? (வேலூர்)

உங்கள் ஊரிலிருந்து இந்தக் கேள்வி வந்திருப்பது பொருத்தம். பணம் பிடிபட்டதால் 2016-இல் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும், 2017-இல் ஆர்.கே. நகரிலும், 2019-இல் வேலூரிலும் குறித்த நாளில் தேர்தல் நடக்கவில்லை. பட்டுவாடா என்பது அலுவலகச் சொல். சம்பளப் பட்டுவாடா, தபால் பட்டுவாடா என்று, உரியவரிடம் உரியதைச் சேர்ப்பதற்கு வழங்குவது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123-ஆம் பிரிவு இதை லஞ்சம் என்கிறது. ‘வாக்காளருக்கு லஞ்சம்’ என்று ஒருவரும் தலைப்பிடுவதில்லை, இந்தப் பத்திரிகை உட்பட.