கென்யப் பண்ணையில் தன்னார்வப் பணி: எப்போது போகலாம், எப்படிப் போகலாம்?

கேள்வி: எனக்கு ஊர் பெரம்பலூர் பக்கம். பி.எஸ்சி. வேளாண்மை முடித்து, இரண்டு வருடமாக உரக்கடையில் வேலை பார்க்கிறேன். கென்யாவின் சியாயா கவுண்டியில் கிராமத்துப் பெண்கள் சேர்ந்து நடத்தும் ஒரு சிறு தொண்டு அமைப்பு, தங்கள் பண்ணைக்குத் தன்னார்வலராக வரச் சொல்லியிருக்கிறது. டிசம்பர், ஜனவரியில் எட்டு வாரம். தங்குமிடம், சாப்பாட்டுச் செலவு என்னுடையது. சுற்றுலாவுக்கு வருவதாகச் சொல்லி வந்தால் போதும் என்கிறார்கள். நம்பிப் போகலாமா?

பதில்: தாராளமாகப் போங்கள். ஆனால் டிசம்பரில் வேண்டாம், சுற்றுலா அனுமதியிலும் வேண்டாம்.

முதலில் பருவம். விக்டோரியா ஏரியை ஒட்டிய அந்தப் பக்கம் ஆண்டுக்கு இரண்டு மழை. பெருமழை மார்ச்சில் பிடிக்கும். ஜனவரி கடைசியிலிருந்தே நிலத்தைக் கொத்தத் தொடங்குவார்கள். முதல் மழை விழுந்ததும் மக்காச்சோளம் ஊன்றுவார்கள், அடுத்த சில வாரங்களில் முதல் களை. நீங்கள் சொல்லும் மாதங்களில் அறுவடை முடிந்துகொண்டிருக்கும், விதைப்போ களையெடுப்போ இருக்காது. அப்போது போனால் உங்களுக்கு வேலை கொடுப்பதே அவர்களுக்கு ஒரு வேலையாகிவிடும். பிப்ரவரி நடுவில் போய் ஏப்ரல் நடுவில் திரும்புங்கள். அதே எட்டு வாரம்தான், விதைப்பையும் களையெடுப்பையும் கூட இருந்து பார்த்துவிடலாம்.

அங்கே மண்வெட்டி வேலைக்கு ஆள் பஞ்சம் இல்லை. ‘ஜெம்பே’ என்ற நீளக்காம்பு மண்வெட்டியை விடியற்காலையில் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பும் பெண்கள், வெயில் ஏறுவதற்குள் நாம் நாள் முழுக்கச் செய்வதை முடித்துவிடுவார்கள். கூலிக்கு வரும் ஒரு பெண்ணின் வேலையை நீங்கள் சும்மா செய்து கொடுத்தால், அன்று அவள் வீட்டு அடுப்புக்கு நஷ்டம். உங்களிடம் உள்ளதும் அவர்கள் கேட்பதும் எங்கே சந்திக்கிறது என்று பாருங்கள்.

உங்கள் விஷயத்தில் அது நன்றாகவே சந்திக்கிறது. ஆப்பிரிக்காவில் 2016இல் தென்பட்ட படைப்புழு, 2018இல் உங்கள் ஊர் மக்காச்சோளக் காட்டுக்கே வந்தது. குருத்தைப் பிரித்து, புழுவின் எச்சத்தைப் பார்த்தே தாக்குதலைக் கணிக்கத் தெரிந்தவர் அங்கே பயன்படுவார். இன்னொரு எதிரி ஸ்ட்ரைகா என்ற ஒட்டுண்ணிக் களை. நம் கரும்புத் தோட்டத்துச் சுடுமல்லிக்கு உறவு, ஊதாப் பூ பூக்கும். மண்ணுக்கு மேலே தலைகாட்டும் முன்பே மக்காச்சோளத்தின் வேரில் ஒட்டி உறிஞ்சிவிடும். விதை பல வருடம் மண்ணில் உறங்கும்.

இதற்கு மேற்குக் கென்யாவிலேயே உருவானதுதான் ‘புஷ்–புல்’ முறை. இந்தியாவில் பிறந்த பூச்சியியலாளர் ஜெயாவுர் கானும் பிரிட்டிஷ் வேதியியலாளர் ஜான் பிக்கெட்டும் முன்னின்று உருவாக்கினார்கள். வரிசைகளுக்கு நடுவே டெஸ்மோடியம் என்ற தீவனச் செடி, வயலைச் சுற்றி நேப்பியர் புல். டெஸ்மோடியத்தின் வாசனை தண்டுத்துளைப்பான் அந்துப்பூச்சியை விரட்டும், நேப்பியர் அதைத் தன் பக்கம் இழுக்கும். டெஸ்மோடியத்தின் வேர்க்கசிவு ஸ்ட்ரைகா விதையை முளைக்கவைத்து, வேரில் ஒட்டவிடாமல் சாகடிக்கும். இரண்டும் மாட்டுக்குத் தீவனம். போகும் முன் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

ஏன் சொல்கிறேன் என்றால், நான் அந்தப் பக்கம் வேலை பார்த்த காலத்தில், புதிதாக வந்த ஒரு தன்னார்வலர் ஒரே காலையில் இரண்டு வரிசை டெஸ்மோடியத்தைக் களை என்று நினைத்துப் பிடுங்கிப் போட்டுவிட்டார். மூன்று இலைகளாகப் படரும் சின்னச் செடி, இலை நடுவே வெளிறிய வெள்ளிக்கோடு. சின்னஞ்சிறு விதை அது. மணலோடு கலந்து கோடுபோட்டுத் தூவி, வாரக்கணக்கில் காத்திருந்து வளர்த்தது. நிலத்துக்குச் சொந்தக்கார அம்மா திட்டவில்லை. குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கித் திரும்ப ஊன்றினார். முதல் வாரம் எதையும் பிடுங்காதீர்கள், கேட்டுக் கேட்டுச் செய்யுங்கள்.

அடுத்து அனுமதி. 2024 ஜனவரி முதல் கென்யா விசாவுக்குப் பதிலாக இணையவழிப் பயண அனுமதி தருகிறது. சம்பளம் இல்லாவிட்டாலும் தன்னார்வப் பணியை அங்கே வேலையாகத்தான் கருதுகிறார்கள். அழைக்கும் அமைப்பே முன்கூட்டி உங்களுக்குப் பணி அனுமதி வாங்க வேண்டும். ‘சும்மா வாருங்கள்’ என்பவர்கள் கெட்டவர்கள் என்று சொல்லமாட்டேன், தெரியாமலும் சொல்லலாம். ஆனால் மாட்டிக்கொண்டால் அவதி உங்களுக்கு.

பணம் கட்டுவதில் தவறில்லை, அவர்கள் ஏன் உங்களுக்குச் சோறு போட வேண்டும்? ஆனால் எவ்வளவு தங்கும் வீட்டுக்கு, எவ்வளவு குழுவுக்கு என்று எழுதிக் கேளுங்கள். குழுவின் பதிவுச் சான்றையும் கேளுங்கள்.

உடல்நலத்தில் அலட்சியம் கூடாது. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பயணத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்பே போட்டுக்கொள்ளுங்கள். கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள். அந்தச் சான்று இல்லாமல் திரும்பினால், இந்தியாவில் இறங்கியதும் 6 நாள் வரை தனிமைப்படுத்துவார்கள். அந்த ஏரிக்கரை மலேரியா மிகுந்த இடம், குளோரோகுயின் அங்கே பலிக்காது. தடுப்பு மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு வாங்கி, திரும்பிய பிறகும் அவர் சொன்ன நாள்வரை விடாமல் சாப்பிடுங்கள். ஊர் வந்து சில மாதங்களுக்குள் காய்ச்சல் வந்தால், கென்யா போனதைச் சொல்லி ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். ஏரித் தண்ணீரில் கால் நனைக்காதீர்கள், பில்ஹார்சியா புழு தோல் வழியே நுழையும். வெறுங்காலோடு நடக்கவும் வேண்டாம்.

சாப்பாட்டுக்குக் கஷ்டம் இருக்காது. உகாலி கிட்டத்தட்ட நம் களிதான், ஓமெனா நம் நெத்திலிக் கருவாட்டை நினைவுபடுத்தும். காலையில் எதிர்ப்படுபவரிடம் அந்தப் பக்கத்து லுவோ மொழியில் ‘ஓயாவோரே’ என்று வணக்கம் சொல்லுங்கள், நன்றிக்கு ‘ஏரோ கமானோ’.

இந்த வாரமே அவர்களுக்கு எழுதுங்கள்: பிப்ரவரியில் வரலாமா, பணி அனுமதிக்கு யார் விண்ணப்பிப்பார்கள், படைப்புழுவுக்கும் ஸ்ட்ரைகாவுக்கும் இப்போது என்ன செய்கிறார்கள். அனுமதியின் நகல் கைக்கு வந்த பிறகு டிக்கெட் எடுங்கள்.